சங்கையாவின் இரண்டாவது அட்டை

சித்திரபுரம்,
9.11.1975

அன்புள்ள பிச்சைமணிக்கு,

அர்த்தநாரி எழுதுவது. இங்கே மழையைத் தவிர எல்லாரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கவில்லை. மூன்று கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்கிறவனுக்கு உடம்பில் என்ன குறை இருக்கப் போகிறது?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வெடிவைப்புப் புத்தகம் என்ன ஆயிற்று? செப்டம்பர் முதல் வாரம் சீட்டு அனுப்பியது. அதைக் கிண்டல் பண்ணி ஒரு கார்டு போட்டாய், அதோடு சரி. இன்றோடு இரண்டு மாதம். 'கைவசம் இல்லை' என்றாவது ஒரு வரி வந்ததா? இல்லை. தபால்வழி மாணவன் என்றால் உங்கள் நூலகத்துக்கு அவ்வளவு இளக்காரமா? வாசலில் வந்து நிற்கிறவனுக்குத்தான் புத்தகமா? மலை மேலே இருக்கிறவன் பாடக் கட்டை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினால் போதும் என்று நினைக்கிறீர்களா?

நான் மாணவன் இல்லை, எனக்குக் கேட்க உரிமை இல்லை என்று சொல்லிவிடாதே. தெரியும். பாலிடெக்னிக் டிப்ளமாவோடு என் படிப்பு முடிந்தது. மாணவன் சங்கையாதான். ஆனால் அவனுக்குக் கொடுத்திருக்கிற இரண்டு நூலக அட்டையில் ஒன்று சும்மா கிடக்கிறது, ஓவர்சியர் அதில் புத்தகம் வரவழைத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் யோசனை சொன்னது யார்? நீதான். இங்கே மின்சார போர்டு ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்து, என்னோடு ஒரே குவார்ட்டர்ஸில் கஞ்சி குடித்துவிட்டு, கீழே பல்கலைக்கழக நூலகத்தில் வேலை கிடைத்துப் போகிற அன்று பஸ் ஏறும்போது சொன்னாய். உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

சங்கையா முதல் அட்டையில் வாங்குகிற ஒரு புத்தகத்தை எழுத்துக்கூட்டி, குறிப்பெடுத்து, ஒரு மாதம் படிக்கிறான். பகலெல்லாம் டீ பாக்டரியில் டிரையர் முன்னால் நிற்கிறவன் வேறு எப்படிப் படிப்பான்? இப்போது பிரெஞ்சுப் புரட்சி. அவனுடைய பி.ஏ. வரலாற்றில் அது பாடம். இரண்டாவது அட்டையில் நான் உயர் அழுத்த மின்கம்பி, நீர் அழுத்தக் குழாய் என்று நான்கு புத்தகம் வாங்கிப் படித்தேன். எல்லாம் உன்னிடம் சரியாகத்தான் திரும்பி வந்தது. ஐந்தாவதுதான் இந்த வெடிவைப்பு.

அது எனக்கு ஏன் அவசரம் என்று கேள். புதுக் கால்வாய்க்குப் பாறை உடைக்கிறார்கள். காண்டிராக்டரின் மேஸ்திரியிடம் ஒரு குழிக்கு எவ்வளவு மருந்து வைக்கிறாய் என்று கேட்டேன். “ஒரு கை சார்” என்றான். யார் கை என்று கேட்டேன். சிரிக்கிறான். போன மாதம் கல் தெறித்துப் பெரியம்மாள் என்ற சித்தாளின் தோள் எலும்பு முறிந்தது. கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தால் அவன் கேட்டுத்தான் ஆகவேண்டும். கணக்கு அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் உன் அலமாரியில் இருக்கிறது.

ஆகவே நீ பதில் போடாததால் நானே ஒரு காரியம் செய்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் டைப்ரைட்டரில் உட்கார்ந்து உங்கள் நூலகருக்கு ஒரு புகார் அடித்தேன். நகல், துணைவேந்தருக்கு. ‘எமர்ஜென்சி வந்ததிலிருந்து நாட்டில் ரயில்கள் எல்லாம் குறித்த நேரத்தில் ஓடுவதாகச் செய்தித்தாளில் போடுகிறார்கள். தங்கள் நூலகத்துப் புத்தகம் மட்டும் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும். பாறை வெடிமருந்து பற்றிய நூல் எனக்கு உடனடியாகத் தேவை’ என்று முடித்தேன். பெயரும் நம்பரும் சங்கையாவுடையது. வேறு எப்படி எழுதுவது?

அவன் படித்துப் பார்த்துவிட்டு, “இம்புட்டுக் காரம் வேணுமா சார்?” என்றான். காரம் இல்லாவிட்டால் எவன் தும்முவான் என்று சொல்லிப் பேனாவைத் திறந்து கையில் கொடுத்தேன். போட்டான். அழகாகத்தான் போடுகிறான் கையெழுத்து.

அம்மா கொழிஞ்சாம்பாறையிலிருந்து கடிதம் போட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுத்தது, ஆனால் வார்த்தை அவளுடையதுதான். “மஞ்சுக்குள்ள தனியாக் கெடக்கறதுக்கு, ஊட்டுல மாட்டோட கெடந்தாலாச்சும் சூடா இருக்குமே கண்ணு” என்கிறாள். பொங்கலுக்குப் பெண் பார்க்க வரச் சொல்கிறாள். கால்வாய் முடியட்டும் என்று எழுதிவிட்டேன்.

புகார் வந்ததும் உங்கள் ஆபீஸில் யார் யார் முகம் எப்படிப் போயிற்று என்று எழுது. சிரிக்க ஆசை.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகக் கோபத்தோடு காத்திருக்கும்,
அர்த்தநாரி


சித்திரபுரம்,
21.12.1975

அன்புள்ள பிச்சைமணிக்கு,

உன் பல்கலைக்கழகத்தைப் பற்றி நான் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். புகார் வேலை செய்துவிட்டது. புத்தகம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. அனுப்பிய மூன்றாம் நாள்! இரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வேகம் கண்டதில்லை.

அதைவிடப் பெரிய செய்தி, உங்கள் நூலகத்திலிருந்து ஒருவர் மலை ஏறி வந்தார். ஆறாம் தேதி, சனிக்கிழமை. தபால்வழி மாணவர்களுக்கு நூலகம் எப்படி உதவுகிறது என்று நேரில் விசாரித்துப் போக வந்திருக்கிறாராம். நான் சைட்டில் இருந்தேன், பார்க்கவில்லை. சங்கையாவும் அவன் மனைவி குருவம்மாளும் மாற்றி மாற்றிச் சொன்னதை எழுதுகிறேன்.

டெரிலின் சட்டை, பிரவுன் ஷூ. நாற்பது வயது இருக்கலாம். நல்ல தமிழ் பேசினாராம், நடுநடுவே மலையாளம். எஸ்டேட் லயத்துக்கு நேராக வந்து, “படிக்கிற தொழிலாளி வீடு எது?” என்று கேட்டிருக்கிறார். குருவம்மாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. கணக்கப்பிள்ளை ஞானஜோதி வீட்டுக்கு ஓடி நாற்காலி இரவல் வாங்கி வந்து போட்டாளாம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்ததற்கு, “என்ன மதினி பாக்கிய? எங்க வீட்டு ஆளத் தேடிக் காலேஜே நடந்து வந்துருக்கு. ஒங்க வீட்டு ஆளத் தேடிச் சாராயக்கடைக்காரந்தான வருவான்” என்றாளாம். இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

வந்தவர் பாடக் கட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தார். எந்தப் புத்தகம் உபயோகமாக இருந்தது, எத்தனை நாள் வைத்திருந்தாய், வேறு யார் வந்து படிப்பார்கள், சேர்ந்து உட்கார்ந்து பேசுவீர்களா, யூனியன் ஆட்களும் வருவார்களா என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். அவ்வளவு அக்கறையாக யாரும் என்னிடம் பேசினதே இல்லை சார் என்கிறான் சங்கையா.

ஒரு கேள்வியில் கொஞ்சம் இடறியிருக்கிறது. வரலாறு படிக்கிறவருக்கு மின்கம்பியும் நீர்க்குழாயும் எதற்கு என்று கேட்டாராம். நான் முன்பே சங்கையாவிடம் சொல்லி வைத்திருந்தேன். நூலகத்திலிருந்து யார் எப்போது கேட்டாலும் எல்லாம் நீயே படித்ததாகச் சொல், அட்டையை இன்னொருவனுக்குக் கொடுத்தது தெரிந்தால் இரண்டையும் ரத்து செய்துவிடுவார்கள் என்று. அவனும் என் பெயரை மூச்சு விடவில்லை. அறிவுக்காகப் படித்தேன் என்று சொல்லியிருக்கிறான். அவர் விடவில்லை. ஒரு கம்பி அறுந்தால் எவ்வளவு தூரத்துக்குக் கரண்டு போகும் என்று கேட்டிருக்கிறார். சங்கையா விளக்கியிருக்கிறான்! சாயங்காலங்களில் நான் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தது வீண் போகவில்லை. சப்ஸ்டேஷன் வரை தப்பில்லாமல் சொன்னானாம். அவர் ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டாராம். நான் சொல்லிக் கொடுத்ததில் இவ்வளவு நன்றாக என் அஸிஸ்டெண்டுகூடப் பதில் சொன்னதில்லை.

வெடிமருந்துப் புத்தகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டாராம். “வாசிப்பேன் சார், ரெண்டு மாசமாக் காத்துக்கிட்டு இருக்கேன்” என்று சொல்லியிருக்கிறான். சீக்கிரம் வரும் என்று சொல்லி எழுந்திருக்கிறார். வந்துவிட்டது பார்.

குருவம்மாள் வாசல் வரை போய், பி.ஏ. முடித்தால் இவருக்கு எழுத்து வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள். அவர் அதை விட்டுவிட்டு, அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டாராம். இரண்டு பாடக் கட்டுகளை மாதிரிக்காகக் கொண்டுபோயிருக்கிறார். அதற்குள் நான் சங்கையாவுக்குப் போட்டுக் காட்டின குழாய்ப் படமும் கம்பிப் படமும் இருக்கின்றன. அவை எனக்கு வேண்டும். அவரிடம் சொல்லி வாங்கி அனுப்பு.

ஞானஜோதிக்குத்தான் பொறுக்கவில்லை. எஸ்டேட் தபால் பை அவர் கை வழியாகத்தான் வருகிறது. பார்சலை என் முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினார். “நூல் வேற நூலு. கட்டு வேற கட்டு. நடுவுல எவனோ பிரிச்சிருக்கான். அந்த ஆளு வந்த ஜீப்பும் மானேஜர் பங்களா வாசல்லதான் ரெண்டு மணி நேரமா நின்னுச்சு. கீழ இருக்கிற காலேஜுக்கு ஏது சார் கேரளா நம்பர் ஜீப்பு?” என்றார். வாடகைக்கு எடுத்திருப்பார், மூணாறில் ஜீப்பா இல்லை என்றேன். அவருக்கு நாற்காலி இன்னும் திரும்பிப் போகவில்லை என்ற எரிச்சல்.

உண்மையைச் சொன்னால், கட்டு வேறாகத்தான் இருந்தது. பார்சல் மேல் விலாசம் எழுதியதும் நீ இல்லை. உள்ளே ஒட்டியிருக்கிற தேதித் தாளில், சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. நீ லீவில் இருக்கிறாயா? உங்கள் அதிகாரி தன் பெயரைச் சொல்லாமல் போய்விட்டார். யார் என்று எழுது. நன்றி சொல்லி ஒரு கடிதம் போடவேண்டும் என்று சங்கையா அரிக்கிறான்.

புத்தகம் அருமை. முதல் அத்தியாயத்திலேயே மேஸ்திரியின் ‘ஒரு கை’க்குப் பதில் இருக்கிறது. சங்கையாவும் படிக்கிறான். அதிகாரி மறுபடி வந்து கேட்டால் தெரியவேண்டுமாம்.

உடனே பதில் போடு.

அன்புடன்,
அர்த்தநாரி


சித்திரபுரம்,
22.1.1976, வியாழன்

பிச்சைமணி,

இது தபாலில் வரவில்லை. பஸ் கண்டக்டர் மிக்கேல் கையில் கொடுத்தனுப்புகிறேன். போடி வரை அவன் வண்டி. அங்கிருந்து அவனே வேறு பஸ் பிடித்து உன் வீட்டுக்கு வந்து உன் கையில்தான் கொடுப்பான். வேறு யாரிடமும் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். முழுக்கப் படி. படித்து முடிக்கும் வரை நூலகத்துக்குக் கிளம்பாதே.

உன் கார்டு பொங்கலுக்கு மறுநாள் வந்தது. ‘இங்கிருந்து யாரும் அங்கே வரவில்லை.’ அவ்வளவுதான். கையெழுத்துக்கூடப் போடவில்லை. நான் எஸ்டேட்டுக்கு ஓடினேன். சங்கையாவிடம் காட்டினேன். அவன் இரண்டு தரம் படித்தான். “அப்ப அந்த சார் யாரு?” என்று கேட்டான்.  குருவம்மாளுடைய அம்மா வீடு வண்டிப்பெரியாரில் இருக்கிறது, கொஞ்ச நாள் போய் இரு என்றேன். “எதுக்கு சார்? புத்தகம் வாசிச்சதுக்கா?” என்றான். எனக்கும் சரி என்றுதான் பட்டது. புத்தகம் படித்ததற்கு யாராவது ஓடுவார்களா?

பதினேழாம் தேதி காற்றில் பாக்டரிக்குப் போகிற கம்பி அறுந்தது. நான்தான் போய்ப் பார்த்தேன். கம்பம் பழையது, கொக்கி துருப்பிடித்து அரைவாசி அரித்துப்போயிருந்தது. யாரும் கை வைக்கவில்லை. ரிப்போர்ட்டில் இரண்டே வரி எழுதினேன். துரு, காற்று. துருப்பிடித்த துண்டையும் பொட்டலம் கட்டி வைத்தேன். யாரும் கேட்கவில்லை.

இருபதாம் தேதி, செவ்வாய், காலை ஷிப்ட் முடிந்து சங்கையா என் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். வெடிவைப்புப் புத்தகத்தைக் கேட்டான். இருபத்துநாலு வரை தவணை இருக்கிறது, இன்னும் ஒரு கணக்கு பாக்கி என்றேன். “மலைத் தபாலு சார், நாலு நாள் பத்தாது. நம்மால பிச்சைமணிக்குக் கெட்ட பேர் வரக்கூடாது” என்றான். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், துணி சுற்றித் தைத்து, ரிஜிஸ்தர் செய்து அனுப்பிவிட்டான். போஸ்டாபீஸ் படி இறங்கும்போது அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று பேர். அதில் ஒருவன் பிரவுன் ஷூ.

மதியம் குருவம்மாள் சைட்டுக்கே வந்து நின்றாள். கொழுந்துக் கூடை முதுகில் அப்படியே இருந்தது. அழவில்லை. “ஒங்க புத்தகம் ஊருக்குப் போயிருச்சு ஓவர்சியர் சார். எங்க ஆளத்தான் எங்க கொண்டு போனாகன்னு தெரியல” என்றாள். மேஸ்திரி, சித்தாள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றேன்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு எஸ்.ஐ. கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை அவனுடையது, புத்தகம் எல்லாம் நான் படித்தது, படம் நான் போட்டது, புகார் நான் அடித்தது, அவன் கையெழுத்து மட்டும்தான் போட்டான் என்றேன். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு மேஜையில் இருந்த ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். டைப் அடித்த பட்டியல். மாணவர் நம்பர், பெயர், இரண்டு வருஷத்துப் புத்தகங்கள், எடுத்த தேதி, கொடுத்த தேதி. பிரெஞ்சுப் புரட்சி, ருஷ்யப் புரட்சி, மின்கம்பி, குழாய். கடைசி வரி வெடிவைப்பு. அது மட்டும் பேனாவால் சேர்த்தது.

நீ ஸ்டோர் பில் எழுதின இரண்டு வருஷமும் உன் கையெழுத்தைத் தினமும் பார்த்தவன் நான். அதற்கு மேல் அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. மேலிடத்திலிருந்து கேட்டால் எவன் இல்லை என்பான்? உன் இடத்தில் நான் இருந்திருந்தால், நேரத்தோடு அடித்துக் கொடுத்து நகலும் எடுத்து வைத்திருப்பேன்.

எஸ்.ஐ. சிரித்தார். ஒரு தொழிலாளிக்காக சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிடுவாயா, உனக்கு வயதான அப்பா அம்மா இல்லையா என்று கேட்டார். அவனே எல்லாம் நான் படித்தேன் என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறான் என்றார். கரண்டு எப்படி அறுப்பது என்று அவனே விளக்கியது எழுத்தில் இருக்கிறது என்றார். அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான், அப்படிச் சொல்லச் சொன்னதும் நான் என்றேன். “கையெழுத்து எவிடே?” என்று கேட்டார். நீ படித்ததற்கு ஒரு கையெழுத்து, ஒரு துண்டுச் சீட்டு காட்டு என்றார். என்னிடம் எதுவும் இல்லை. ஊரை விட்டு வெளியே போகாதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். சங்கையா அங்கே இல்லை. எங்கே என்று சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. செப்டம்பரில் சங்கையா ஷிப்டில் இருந்தான். வெடிவைப்புப் புத்தகத்துக்குச் சீட்டை நானே நிரப்பினேன். மாணவர் கையொப்பம் என்ற இடத்தில் பழக்க தோஷத்தால் என் கையெழுத்தையே போட்டு, கீழே ‘ஓவர்சியர்’ என்று எழுதித் தேதியும் போட்டு அனுப்பிவிட்டேன். ஞாபகம் இருக்கிறதா? ‘இது என்ன, சிமெண்ட் மூட்டை வாங்குகிற ரசீதா?’ என்று கிண்டல் பண்ணி எழுதினாயே. அந்தச் சீட்டு உன்னிடம்தான் இருக்கிறது. புத்தகம் வெளியே இருக்கிற வரை சீட்டு உன் தட்டில் இருக்கும். புத்தகம் திரும்பி வந்து பார்சலைப் பிரித்ததும் சீட்டை இரண்டாகக் கிழித்துப் போடுவது உங்கள் முறை. மற்ற நான்கு சீட்டும் அப்படித்தான் போயிருக்கும். சாயங்காலத்துக்குள் தட்டு காலியாகவேண்டும் என்பது உன் பெருமை, நீயே சொல்லியிருக்கிறாய்.

சங்கையா செவ்வாய்க்கிழமை பார்சல் போட்டுவிட்டான். தவணைக்கு நாலு நாள் முன்னால். அவன் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் எனக்கு இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கும்.

இன்று காலை உனக்குத் தந்தி அடிக்கப் போனேன். ‘பார்சல் பிரிக்காதே’ என்று எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பெஞ்சில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தார். நான் தாளைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நானே கிளம்பி வந்தால் மூணாறு தாண்டுவதற்குள் பிடித்துவிடுவார்கள். பிறகு சீட்டைப் பற்றிச் சொல்ல ஆளே இருக்காது.

மிக்கேல் நாளை சாயங்காலம் உன்னிடம் வருவான். பார்சல் சனிக்கிழமை வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நாளைக்கே வந்து, நீ பிரித்து, கிழித்தும் இருந்தால், குப்பைக் கூடையைக் கொட்டாதே. இரண்டு துண்டானாலும் பரவாயில்லை. ஒட்டிக்கொள்ளலாம். இன்னும் வரவில்லையென்றால் சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய், சீட்டை எடுத்து மிக்கேலிடம் கொடு. அவன் ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே இருப்பான். திங்கட்கிழமை நான் அதைக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு, துருப்பிடித்த கொக்கியையும் பக்கத்தில் வைப்பேன். ஒரு புத்தகம் என்னுடையது என்று நிரூபித்துவிட்டால், மற்ற நான்கைப் பற்றியும் கேட்டுத்தான் ஆகவேண்டும். என்னைக் கேட்டுக்கொள்ளட்டும். எனக்குப் பதில் தெரியும். அவனுக்குத் தெரியாது, அவனிடம் எத்தனை நாள் கேட்டாலும்.

சீட்டை எடுத்தால் உன் வேலை போகலாம். போகாது என்று நான் பொய் சொல்லமாட்டேன். பட்டியல் கொடுத்தவனே சீட்டையும் கொடுத்தால் உன்னையும் என் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்பார்கள். உனக்குப் போன வருஷம்தான் கல்யாணம் ஆனது. எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். நான் இதுவரை உன்னிடம் கேட்டது எல்லாம் அதட்டிக் கேட்டதுதான். இதை அப்படிக் கேட்கத் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு வாரம் சேதி இல்லையென்றால் அதை மிக்கேல் தபாலில் போடுவான். நீ அவளுக்கு எதுவும் எழுதவேண்டாம்.

குருவம்மாள் இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கு எழுதுகிறேன், மணி நினைத்தால் முடியும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பட்டியலைப் பற்றிச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவும் மாட்டேன். நீ இந்த லயத்தில் அவர்களோடு வளர்ந்தவன், சொந்த அண்ணன் மாதிரி என்று பெருமையாகச் சொல்கிறாள். உனக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.  “மணி அண்ணனும் மதினியும் நல்லாருக்கணும்னு எழுதுங்க சார்” என்றாள்.

எழுதிவிட்டேன்.

அர்த்தநாரி